ஏழாம் வரிசையின் முறைத் தண்ணீர்

2024 நவம்பர் 18, திங்கள்

ஓசூருக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. இன்று ஆலை வாயிற்காவலர் என் கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டினார். ‘நிர்மலா, பார்வையாளர்’ என்று அச்சிட்டிருந்தது. மானிடவியலில் முனைவர் பட்டம் பெற ஒன்பது ஆண்டு செலவிட்டேன். அதன் சாரத்தை வாயிற்காவலர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மேடைகளில் எனக்குத் தூயமொழி என்று பெயர். பதினெட்டாம் அகவையில் எனக்கு நானே சூட்டிக்கொண்டது. அட்டை அச்சிடும் பொறிக்கு அந்த வரலாறு தெரியவில்லை.

ஆலை செல்பேசி மின்னூட்டிகளைச் செய்கிறது. ராகி அறுவடை நாள்களில் பெண்கள் வேலைக்கு வருவது குறைகிறதாம். ஏன் என்று பெங்களூரிலுள்ள ஓர் ஆய்வு நடுவத்தை ஆலை கேட்டது. நடுவம் என்னை அனுப்பியது. சானமாவுக் காட்டிலிருந்து யானை வருகிறது, இரவு முழுவதும் ராகிக் கொல்லையில் காவல் இருக்கிறார்கள், விடிந்ததும் உறங்கிவிடுகிறார்கள். கெலமங்கலம் சாலையில் தேநீர் போடுபவரிடம் கேட்டிருந்தால் சர்க்கரை கலக்கும் நேரத்தில் இதைச் சொல்லியிருப்பார். அவரிடம் முனைவர் பட்டம் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

புதிர் ஒன்றே ஒன்றுதான்: ஏழாம் வரிசை. பதினொரு பெண்கள், பதினொருவரும் காட்டோர ஊர்க்காரர்கள். மற்ற வரிசைகளில் மார்கழியில் நால்வரில் ஒருவர் காணாமற்போக, இவர்கள் மூன்று ஆண்டுகளாக ஒரு நாளும் குறையவில்லை. மனிதவள மேலாளர் ராஜேஷ்குமார் விருதுநகர்க்காரர், நேரத்தை மதிப்பவர், என் நேரத்தை அல்ல. “அந்த மந்திரத்த மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்திருங்க மேடம், பத்து லைனுக்கும் காப்பி பண்ணிர்றோம்” என்றார்.

நவம்பர் 21, வியாழன்

கெலமங்கலத்துக்கு அப்பால் ஓர் ஊர். பெயரை எழுதமாட்டேன், ஆய்வு நெறி. ஏழாம் வரிசையின் மூத்த பெண் நாராயணம்மாவைப் பார்க்கப் போனேன். முப்பத்தெட்டு வயது. வாரவிடுப்பு நாள். என்னை நெகிழி நாற்காலியில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்தார். எழுந்து தரையில் உட்காரப் போனேன். “அய்யோ, போட்டோ எடுக்கறவங்க வந்தாதான் கீழ உக்காருவாங்க. நீங்க சும்மா உக்காருங்க” என்றார்.

“தங்கள் அன்றாட வாழ்வியலை அறிந்துகொள்ள வந்துள்ளேன்” என்று தொடங்கினேன்.

அவர் உட்புறம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். உள்ளே சிரிப்பு வெடித்தது. அதே வரிசையில் வேலை செய்யும் ரஞ்சிதா, இருபத்திரண்டு வயதுப் பெண், தலையை நீட்டி மொழிபெயர்த்தாள்: “டிவில நியூஸ் வாசிக்கறவங்க வூட்டுக்கே வந்துட்டாங்கன்னு சொல்லுதுக்கா.”

“வூட்லயும் இப்பிடித்தான் பேசுவீங்களா?” என்றார் நாராயணம்மா.

“ஆம்.”

“வூட்டுக்காரரு பாவம்.”

“எனக்குத் திருமணம் ஆகவில்லை.”

“அந்த மனுசன் தப்பிச்சிக்கினான்.”

பிறகு யானையைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். போன ஆண்டு வந்த ஆய்வாளருக்கும் அதற்கு முந்திய ஆண்டு வந்த பெண்ணுக்கும் இதே யானையைத்தான் சொன்னாராம். “அல்லாருக்கும் ஒரே ஆனைதான் வச்சிருக்கோம், புதுசா ஒண்ணும் இல்ல.” ஏழாம் வரிசை ஏன் குறைவதில்லை என்று கேட்டதும் அவருக்கு அடுப்பில் வேலை வந்துவிட்டது.

நவம்பர் 27, புதன்

இன்று கற்றது: ‘வாழ்வியல்’ என்ற சொல்லில் தொடங்கினால் தேநீர் ஆறிவிடுகிறது.

டிசம்பர் 4, புதன்

ஆலைக்குள் நின்று பார்க்க இசைவு கிடைத்தது. வெள்ளை அங்கி, தலைக்குத் துணிக்குல்லாய், வாய்க்கு மறைப்பு. நாற்பது பேர் வேலை செய்யும் கூடத்தில் யாருக்கும் முகம் இல்லை. மனித முகங்களைப் படிப்பதற்கென்றே தோன்றிய ஒரு துறைக்கு இதைவிடப் பொருத்தமான களம் ஏது?

ஏழாம் வரிசைக்கு மேலே ஓர் எண்பலகை. மணிக்கு இருநூற்று நாற்பது. வரிசை முழுவதுக்கும் ஒரே எண். ஒவ்வோர் இருக்கைக்கும் தனி எண் கிடையாது. இருக்கைக்கு இருக்கை ஒரு தாள் மட்டும் உண்டு. ‘இவ்வேலையை நானே செய்தேன்’ என்று மணிக்கொரு முறை கையொப்பமிட வேண்டும்.

எட்டாம் இருக்கையில் ரஞ்சிதா. கைகள் அசைகின்றன, ஆனால் எதையும் பொருத்தவில்லை. தட்டு அவளைக் கடந்து போகிறது. இடப்பக்கத்துப் பெண் ஓர் அசைவு கூடுதலாகச் செய்கிறாள், வலப்பக்கத்துப் பெண் இன்னொன்று. ரஞ்சிதாவின் கண்கள் திறந்திருக்கின்றன. உள்ளே ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் இப்படி. எண்பலகையில் ஒன்றுகூடக் குறையவில்லை. பிறகு நாராயணம்மா தம் குல்லாயைச் சற்றே இழுத்துவிட்டார். ரஞ்சிதா விழித்துக்கொண்டாள், நான்காம் இருக்கையில் இருந்தவளின் கைகள் ஓய்ந்தன.

வரிசைக் கண்காணிப்பாளர் சுடலைமுத்து தூத்துக்குடிப் பக்கம். இவ்வளவு நேரமும் வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கண்காணித்தார். என்னிடம் வந்து, “என்ன மேடம், அங்கனயே உத்துப் பாக்கீய? இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, ஏசி நல்லா வரும்” என்றார்.

நகர்ந்தேன். அந்தப் பக்கம் ஏசி வரவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

சொல்லிவிட்டார்! இரண்டு மணி நேரம், கைக்குழாயடியில், ஆலை அங்கியைத் துவைத்துக்கொண்டே.

“ஏரில மொறைத் தண்ணி உடுவாங்களே, தெரியுமா? எங்கப்பன் நீர்கண்டி. மதகு தெறக்கறது, அடைக்கறது அவருதான். எங்களுக்குன்னு ஒரு சாண் நெலம் கெடையாது. ஊருக்கெல்லாம் தண்ணி பிரிச்சி உட்டது அவரு. எவன் பயிரு வாடுதோ அவனுக்கு மொதல்ல. அதுக்கு நோட்டெல்லாம் கெடையாது, கண்ணுதான். லைன்லயும் அதான் பண்றன். ராவெல்லாம் பரண்மேல தகரம் தட்டிக்கினு கெடந்தவளுக்கு ரெண்டு மணி நேரம். புள்ளைக்கு ஜுரம்னா ஒரு மணி. தூரமானவளுக்கு மொத நாளு. நானு தலையில இருக்கற கேப்ப இழுத்து உட்டா மொறை மாறுதுன்னு அர்த்தம்.”

“விடுப்பு எடுக்கலாமே?”

“மூணு லீவுக்கு மேல போட்டா கான்ட்ராக்ட் கட்டு. தூங்கிக்கினே வந்தா கட்டு இல்ல பாருங்க.”

ஆக, ராஜேஷ்குமார் தேடும் மந்திரம் இதுதான். உறங்காதவளும் வேலைக்கு வரலாம், ஏனென்றால் அவளைத் தாங்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். எத்தனையோ நூல்களில் தேடிய ஒன்று ஒரு மின்னூட்டி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. குறிப்பேட்டில் பதினான்கு பக்கம் எழுதினேன்.

“இத எழுதாதீங்க” என்றார்.

ஆய்வு நெறிகளை அரைமணி நேரம் விளக்கினேன். “உங்களை எவரும் அறியமாட்டார்கள். உங்கள் பெயரை நீர்வல்லி என்று மாற்றிவிடுவேன்.”

“அது யாரு?”

“நீங்கள்தாம்.”

“அந்தப் பேருல இந்த ஜில்லாவுலயே யாரும் இல்லியே. அப்ப இது நானாத்தான் இருக்கும்னு கண்டுபுடிச்சிட மாட்டாங்களா?”

எந்தப் பேராசிரியரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அப்புறம் துவைப்பதை நிறுத்தினார். பொங்கலுக்குப் பின் ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஆறு பேரை நிரந்தரம் செய்கிறார்களாம். பட்டியலில் இவர் பெயர் இருக்கிறது. “இதுக்கு முன்ன ரோஜாத் தோட்டத்துக்குக் கூலி போனன். பிளாஸ்டிக் கூரைக்குள்ள மருந்தடிப்பாங்க, அதுலயே நின்னு பூ அறுக்கணும். நாலு வருசம். இப்பவும் பத்துப் படி ஏறுனா எனக்கு மூச்சு நிக்கிது. திரும்ப அங்க என்ன அனுப்பிடாதீங்க.”

“உறுதியளிக்கிறேன்.”

“உறுதியெல்லாம் வேணாம். சத்தியம் பண்ணுங்க.”

அவருடைய ஈரக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஓசூர்த் தமிழ்ப் பேரவையின் ஆண்டு விழாவில் ‘எல்லையிலும் தமிழறம்’ என்னும் தலைப்பில் என் பேச்சு. செயலாளர் சென்னகிருஷ்ணன் என்னைத் ‘தமிழ்ப்புயல்’ என்று அறிமுகம் செய்துவிட்டு, ஒலிபெருக்கிக்காரரைத் தெலுங்கில் திட்டினார்.

நடுகற்களில் தொடங்கினேன். முதல் வரிசை செல்பேசி பார்த்தது. இரண்டாம் வரிசை எழுந்து சிறுதீனிப் பக்கம் நகர்ந்தது. காலியான நாற்காலிகளைப் பார்த்தால் என் நாக்கு தானாக நடக்கத் தொடங்கிவிடும். இது பழைய நோய். “நடுகல் வேண்டாம், நடக்கும் கல்லைக் காட்டுகிறேன்!” என்றேன். பொருள் என்னவென்று எனக்கே தெரியாது, தலைகள் நிமிர்ந்தன.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. “இதோ, இந்தத் தொழிற்பேட்டையின் ஓர் ஆலையில், ஒரு வரிசை! எண்ணைச் சொல்லமாட்டேன், கிழமைகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்!” (கைதட்டல்.) “அங்கே நீர் காத்தவரின் மகள் ஒருத்தி, ஈராயிரம் ஆண்டுப் பழமைகொண்ட தன் ஏரியின் முறையை இயந்திரத்தின் நெஞ்சில் எழுதினாள்!” (நெடுநேரக் கைதட்டல்.) “களைத்தவளை உறங்க வைத்து, அவள் சுமையைப் பாட்டிசைத்தபடி தோழியர் பகிர்ந்தனர். இது தமிழறம் அன்றி வேறென்ன?”

எழுந்து நின்று தட்டினார்கள். அந்தப் பதினொருவரில் எட்டுப் பேர் வீட்டில் பேசுவது தெலுங்கு, மூவர் கன்னடம். தமிழறத்தின் பரப்பு பெரிது.

பெயர் சொல்லவில்லை. நெறி காத்துவிட்டேன். நல்ல பேச்சு. இந்த ஆண்டின் சிறந்த பேச்சு என்றே சொல்வேன்.

டிசம்பர் 16, திங்கள்

பேரவை இணையத்தில் ஏற்றிய என் பேச்சின் காணொளியை நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நாராயணம்மாவிடம் இருப்பது பொத்தான் செல்பேசி. நல்லது.

டிசம்பர் 18, புதன்

ராஜேஷ்குமார் அழைத்தார். கூட்ட அறையின் பெரிய திரையில் நான் கை உயர்த்திய நிலையில் உறைந்திருந்தேன்.

“சூப்பர் ஸ்பீச் மேடம். எங்கம்மாவுக்கே ஃபார்வர்ட் பண்ணேன்.”

நன்றி சொன்னேன். நன்றி சொல்லியிருக்கிறேன், கடவுளே.

“ஒரு டவுட்டு. பத்து பேர் செஞ்சு முடிக்கிற வேலைக்கு நான் பதினோரு பேருக்கு பஸ் விட்டுட்டு இருக்கேன். அப்ப ஒருத்தர் எக்ஸ்ட்ரா. கரெக்டா?”

அதனால்தான் அவர்கள் ஒரு நாளும் விடுப்பு எடுப்பதில்லை என்றேன். நீங்கள் கேட்ட விடையே இதுதான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அது வேற மேட்டர் மேடம். தான் செய்யாத வேலையத் தான் செஞ்சதா சைன் பண்ணிருக்காங்க. வேலை செய்யாம இருக்கச் சொல்லி ஒருத்தங்க ஏற்பாடு பண்ணிருக்காங்க. ஸ்டாண்டிங் ஆர்டர்ல இது மிஸ்கான்டக்ட். நீர் காத்தவர் மகள் யாருன்னு பஸ் டிரைவர்ட்ட கேட்டோம். கியர் மாத்துறதுக்குள்ள சொல்லிட்டாரு.”

நாராயணம்மாவுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போய்விட்டது. விசாரணை சனவரி மூன்று. மெய்ப்பட்டால் வேலை நீக்கம்.

என்ன பண்ணித் தொலச்சேன்! ஈரக் கை மேல அடிச்சு, அஞ்சு நாளு, அஞ்சே நாளு... எதுக்குப் பேசுன? யாரு கேட்டா? காலி நாற்காலிய ரொப்பறதுக்கு அவ வேலையா கெடச்சது?

டிசம்பர் 19, வியாழன்

போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு உரிய தாழ்ந்த முகத்தையும் பேருந்திலேயே அணிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை.

“கைதட்டுனாங்களா?” என்றார்.

“...ஆம்.”

“எவ்ளோ நேரம்?”

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“ரஞ்சிதா போன்ல காட்னா. நல்லாத்தான் பேசறீங்க. எங்க ஏரி ரெண்டாயிரம் வருசம்னு சொன்னப்ப நானே நம்பிட்டன் போங்க. அது எங்கப்பன் கல்யாணம் ஆன வருசம் பஞ்சத்து வேலைல வெட்டுனது. கரையில கல்லே நட்டு வச்சிருக்காங்க.”

நான் ஏதோ மன்னிப்பு என்று தொடங்கினேன். “சாலு, சாலு” என்று கையைக் காட்டினார். போதும் என்பதற்கு அவர் வீட்டுச் சொல். பிறகு குறிப்பாணையை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “பூத்தோட்டத்துக்காரன் மகன் நேத்தே கேட்டுட்டான். அக்கா, எப்ப வரீங்கன்னு.”

டிசம்பர் 23, திங்கள்

நடுவத்தின் இயக்குநர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஒப்பந்தத்தின் பதினேழாம் கூறின்படி என் களக்குறிப்புகள் அனைத்தும் ஆலைக்கே உரியவை. விசாரணைக்கு அவற்றை எடுத்துச் சென்று ‘நடுநிலையுடன்’ ஒத்துழைக்க வேண்டும். இறுதியில் இனிய புத்தாண்டு வாழ்த்து, ஒரு பூங்கொத்துப் படத்துடன்.

கையொப்பமிட்ட நாளில் பதினேழாம் கூறை நான் படிக்கவில்லை. பிறர் கையொப்பமிடும் தாள்களைப் பற்றித்தான் நான் ஆய்வு செய்கிறேன்.

டிசம்பர் 28, சனி

ஓசூர்ப் பேருந்து நிலையத் தேநீர்க் கடை. சுடலைமுத்து தானாக வந்து என் எதிரில் நின்றார். அவருக்கும் ஒரு குறிப்பாணையாம், கண்காணிக்கத் தவறியதற்கு.

“மேடம், ஒரு சந்தேகம். லைன்ல பாட்டுப் பாடிக்கிட்டே வேல பாக்காகன்னு சொன்னீயளே. எவ பாடுனா? வாயில மாஸ்க்கக் கட்டிட்டு எப்படிப் பாட முடியும்?”

“அது... பேச்சுக்கு அணி சேர்ப்பது.”

“சரி. ரெண்டாயிரம் வருச ஏரி?”

“அதுவும் அணி.”

கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். “அது ரெண்டும் பொய்னா, நடுவுல இருக்கது மட்டும் எப்படி மேடம் நெசமாப் போச்சு?”

அவர் பேருந்து ஏறிப் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

நாராயணம்மா வீட்டுக்குக் குறிப்பேட்டுடன் போனேன். “மூன்றாம் தேதி என்னிடம் இதைக் கேட்பார்கள்” என்றேன். அவர் ஐந்தாம் வகுப்பு வரை தெலுங்குப் பள்ளியில் படித்தவர். “என்னப் பத்தி என்னா எழுதியிருக்கீங்கன்னு மொதல்ல படிங்க, கேக்கறன்.”

ரஞ்சிதாவும் வந்து உட்கார்ந்தாள். முற்பகல் வெயிலில் பதினான்கு பக்கத்தையும் படித்தேன். ‘கூட்டுழைப்பின் அகக் கட்டமைப்பு’ என்ற இடத்தில் ரஞ்சிதா கொட்டாவி விட்டாள். ‘எழுதப்படாப் பொதுமை அறம்’ என்ற இடத்தில் நாராயணம்மா, “இது யாரு, நானா?” என்றார். நீர்வல்லி வரும்போதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

படித்து முடித்ததும் நாராயணம்மா குறிப்பேட்டை வாங்கிப் பக்கங்களை எண்ணினார்.

“இத்தினி எழுதியிருக்கீங்க. எனக்கு முதுகு வலின்னு எங்கயும் எழுதலியே.”

“முதுகு வலியா?”

“மொறையில எனக்கு மொறையே வரல, மூணு வருசமா. பிரிச்சி உடறவளுக்கு ஏது? அத நீங்க கேக்கவேயில்ல.”

வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு அனுப்ப நான் கனவு கண்ட பதினான்கு பக்கங்கள். அவற்றில் இருந்திருக்க வேண்டிய ஒரே வரி இல்லை. தாள்களைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். வெளி அடுப்பில் வெந்நீர்ப் பானைக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகினார். அறிஞர் உலகத்துக்கு ஏற்பட்ட இழப்பில் ரஞ்சிதா தலை குளித்தாள்.

கிளம்பும்போது நாராயணம்மா கேட்டார்: “மூணாம் தேதி என்னா சொல்லுவீங்க?”

“பொய்.”

“நல்லா வருமா?”

“அதில்தான் எனக்குப் பயிற்சி.”

2025 சனவரி 3, வெள்ளி

விசாரணை. நீண்ட மேசை, தண்ணீர்ப் புட்டிகள், ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் விசாரணை அலுவலர். நாராயணம்மா சுவரோரம் ஆலை அங்கியுடன் நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முதல் வேலையாக அவருக்கு நாற்காலி கேட்டேன். மேடைக் குரலில் கேட்டதால் இரண்டு வந்தன.

என் காணொளியை ஓட்டினார்கள். மறைந்துகொள்ளத் திரைச்சீலைகூட இல்லாத அறையில் என்னையே நான் பதினெட்டு நிமிடம் பார்த்தேன். எவ்வளவு கை ஆட்டுகிறேன்!

அலுவலர் கேட்டார்: “இதுல சொன்னது உண்மையா?”

“இல்லை. புனைந்துரைத்தேன்.”

ராஜேஷ்குமார் நிமிர்ந்தார். “மேடம், நீங்க ஃப்ளோர்ல நின்னு பாத்தீங்க. லாக்ல இருக்கு.”

“நின்றேன். பதினொரு பெண்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். அதில் கைதட்டல் வராது. ஆகவே சேர்த்துக்கொண்டேன்.”

“என்னென்ன சேத்தீங்க?” என்றார் அலுவலர்.

“அந்த ஏரி ஈராயிரம் ஆண்டுப் பழமையானது என்றேன். கரையில் உள்ள கல்லைப் படித்துப் பாருங்கள். வெட்டி நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. பாட்டிசைத்தபடி உழைத்தார்கள் என்றேன். வாய்மறைப்பு அணிந்த கூடத்தில் பாட்டு எங்கிருந்து வரும்? கண்காணிப்பாளரைக் கேளுங்கள். தமிழறம் என்றேன். அந்த வரிசையில் வீட்டில் தமிழ் பேசுபவர் ஒருவரும் இல்லை. உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும். முறை மாற்றிக்கொண்டார்கள் என்பதும் அந்தக் கூட்டில் ஒன்று.”

அலுவலர் சுடலைமுத்துவைப் பார்த்தார். “பாட்டா? எங்க லைன்லயா? சார், தும்முனாலே அலாரம் அடிக்கும்” என்றார் அவர். கல்லைப் படம் எடுத்து வர ஆள் அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் செல்பேசியில் படம் வந்தது. ஏரி வெட்டிய ஆண்டு தெளிவாக இருந்தது.

“களக்குறிப்புகள்?”

“எழுதவில்லை.”

“ரெண்டு மாசம் வேல பாத்து ஒண்ணுமே எழுதலியா?”

“எழுதியிருந்தால் புனைய வேண்டி வந்திருக்காது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, நீங்க படிச்சவங்க. எதுக்காக இப்படி ஒரு பொய்?”

“கைதட்டலுக்காக.”

அந்த அறையில் நான் சொன்ன ஒரே உண்மை அது. எல்லாரும் உடனே நம்பினார்கள். அதற்கு முன் நான் சொன்ன பொய்களை நம்பத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

கையொப்பமிட்டேன்: ‘மேற்கண்டவை யாவும் என் கற்பனை.’ ராஜேஷ்குமார் தாளை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “எங்கம்மா அழுதுட்டாங்க மேடம், அந்த வீடியோ பாத்து.” அவர் முகம் உண்மையிலேயே வாடியிருந்தது.

சனவரி 13, திங்கள்

போகி. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று ஆணை. சுடலைமுத்துவின் குறிப்பாணையும் தள்ளுபடி.

நடுவம் என்னை நீக்கிவிட்டது. ‘தரவுப் புனைவு’ என்று காரணம். இனி எந்தப் பல்கலைக்கழகமும் என்னைக் களத்துக்கு அனுப்பாது. பூங்கொத்துப் படம் இம்முறை இல்லை.

சனவரி 22, புதன்

ரஞ்சிதா குறுஞ்செய்தி: ‘அக்காவுக்கு ஆர்டர் வந்துடுச்சு. பர்மனென்ட்.’ அதற்குக் கீழே இன்னொன்று: ‘லைன்ல ஒவ்வொரு சீட்டுக்கும் தனி கவுன்ட்டர் மாட்டிட்டாங்க. இப்ப யாரும் தூங்க முடியாது.’

முதல் செய்தியை நான்கு முறை படித்தேன். இரண்டாவதை ஒரு முறைக்கு மேல் படிக்க முடியவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலத்தை எவரோ படம் எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். ‘கைதட்டலுக்காக’ என்ற வரியைச் சிவப்பில் வட்டமிட்டு. இதுவரை ஐம்பத்திரண்டாயிரம் பேர். பேச்சைவிடப் பதினோராயிரம் கூடுதல். தன்னடக்கத்துக்கு இவ்வளவு வரவேற்பு இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே முயன்றிருப்பேன்.

சென்னகிருஷ்ணன் தொலைபேசினார். “அம்மா, சித்திரை விழா போஸ்டர்ல உங்க பேர எடுத்துட்டோம். தப்பா நெனச்சிக்காதீங்க, மேல இருந்து சொல்றாங்க.” மேலே யார் இருக்கிறார் என்று கேட்டேன். “நான்தான்” என்றார். நேர்மையானவர்.

பெப்ரவரி 19, புதன்

ஓசூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. மணவிழா அழைப்பிதழ்கள். இன்று ஒரு மணமகனின் படிப்பில் எழுத்துப் பிழை கண்டேன், திருத்தினேன். படிப்பே பிழை என்று அவர் தந்தை பின்னர் வந்து தெரிவித்தார்.

யாரும் கைதட்டவில்லை. உறக்கம் நன்றாக வருகிறது.

மார்ச்சு 12, புதன்

மாலை நான்கு மணி நகரப் பேருந்து, கெலமங்கலம் வழி. அங்கே ஒரு வீட்டில் அழைப்பிதழ் மெய்ப்புக் காட்ட வேண்டியிருந்தது. இடையில் நாராயணம்மா ஏறினார். என்னைப் பார்த்தார்; வேறு இடம் காலியாக இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மருத்துவரிடம் போய் வருகிறாராம், முதுகுக்கு.

“வலி எப்படி இருக்கிறது?”

“கேட்டுட்டீங்களே!” என்று சிரித்தார். “முந்தாநேத்து ரெண்டு மணி நேரம் கைய கட்டிக்கினு சும்மா ஒக்காந்து இருந்தன். லைன்லயே.”

“உங்களுக்கு முறை வந்ததா? ஒவ்வோர் இருக்கைக்கும் எண்ணும் பொறி மாட்டிவிட்டார்களே, எப்படி...” பாதியில் நிறுத்தினேன். “வேண்டாம். சொல்லாதீர்கள்.”

“ஏன்?”

“நான் வாயாடி.”

“அதான் சொல்றன்” என்றார். “வேற யாராண்ட சொன்னாலும் பயம். உங்களாண்ட சொன்னா ஒண்ணும் இல்ல. நீங்க வெளிய போயி சொன்னாலும் இனிமே ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

கெலமங்கலம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். எண்ணும் பொறியை என்ன செய்கிறார்கள், யார் யாருக்கு எப்போது, அவருக்கான முறையை இப்போது பார்த்துக்கொள்வது யார், எல்லாவற்றையும் சொன்னார். நான் இரண்டு இடத்தில் கேள்வி கேட்டேன். ஓரிடத்தில் இருவரும் உரக்கச் சிரித்ததில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

பேருந்தில் கூட்டம் குறைவு. நல்ல வெயில். இன்றைய குறிப்பு இவ்வளவே.